கத்தோலிக்கர் அல்லாதவரை மணக்கும்போது: நான்கு வழிகளில் எது யாருக்கு?

கத்தோலிக்கர் ஒருவர் வேறு சபையைச் சேர்ந்தவரையோ வேறு சமயத்தவரையோ மணக்க முடிவு செய்தால், அவர்முன் நான்கு வழிகள் இருக்கின்றன. துணைவராக வருபவர் திருமுழுக்குப் பெற்று அல்லது கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்து, அதன்பின் மணப்பது முதல் வழி. அவரவர் சமயத்தில் இருந்தபடியே ஆயரின் (பிஷப்பின்) இசைவோடு கத்தோலிக்கக் கோயிலில் மணப்பது இரண்டாவது. குரு, இரு சாட்சிகள் முன்னிலையில் மணப்பது என்ற திருச்சபையின் திருமண முறையிலிருந்தே விலக்குப் பெற்று வேறிடத்தில் மணப்பது மூன்றாவது. பதிவுத் திருமணம் செய்துவிட்டுப் பின்னால் திருச்சபையில் சரிசெய்துகொள்வது நான்காவது.

வீடுகளில் பேச்சு பெரும்பாலும் முதலாவதற்கும் கடைசிக்கும் இடையில்தான் நடக்கிறது. “ஞானஸ்நானம் வாங்கச் சொல், இல்லையென்றால் ரெஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய்க்கொள்ளுங்கள்” என்று பெற்றோர் சொல்லிவிடுகிறார்கள். நடுவிலுள்ள இரண்டையும் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் பெரும்பாலானோருக்குப் பொருந்துவது இரண்டாவது வழிதான்.

முதலில் தெரிய வேண்டிய இரண்டு விவரங்கள்

எந்த வழி திறந்திருக்கிறது என்பதைத் துணைவரைப் பற்றிய இரண்டு விவரங்கள் முடிவு செய்கின்றன. அவர் செல்லத்தக்க திருமுழுக்குப் பெற்றவரா? அவருக்கு முன்னால் ஒரு திருமணம் நடந்திருக்கிறதா?

முதல் கேள்விக்கு “அவரும் கிறிஸ்தவர்தான்” என்ற பதில் போதாது. தண்ணீரில் மூழ்கச் செய்தோ தண்ணீர் ஊற்றியோ, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்ட திருமுழுக்கைத் திருச்சபை ஏற்கிறது. லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளின் திருமுழுக்கு பொதுவாக இந்த வகைதான். “இயேசுவின் பெயரால்” என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும் சில பெந்தக்கோஸ்து குழுக்களின் திருமுழுக்கையும், யெகோவாவின் சாட்சிகள் தருவதையும் ஏற்பதில்லை. மோர்மன் சபையின் திருமுழுக்கு செல்லாது என்று உரோமை 2001-இல் தீர்ப்புச் சொன்னது. இரட்சணிய சேனையில் திருமுழுக்கே இல்லை. ஆகவே எந்தச் சபை, என்ன சொற்களைச் சொல்லிக் கொடுத்தார்கள், சான்றிதழ் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பங்குத்தந்தையால் (உள்ளூர்க் கோயிலின் பொறுப்புக் குருவால்) அடுத்த படிக்குப் போக முடியும்.

இதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு? துணைவர் திருமுழுக்குப் பெற்றவர் என்றால் ஆயரின் அனுமதி போதும் (திருச்சபைச் சட்டம் 1124). அந்த அனுமதியை வாங்காமல், மற்ற முறைகளெல்லாம் சரியாக நடந்த திருமணம் விதிமீறல், ஆனாலும் செல்லும். துணைவர் திருமுழுக்குப் பெறாதவர் என்றால் அங்கே இருப்பது திருமணத் தடை (சட்டம் 1086). விதிவிலக்கு இல்லாமல் நடந்தால் அது திருமணமே ஆகாது. இரண்டில் எது என்று ஐயம் இருக்கும்போது, அனுபவமுள்ள பங்குத்தந்தை அனுமதியோடு சேர்த்து “ஐயத்தை முன்னிட்டு” விதிவிலக்கையும் ஒரே மனுவில் கேட்டுவிடுவார். மனுவில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டால், பின்னொரு நாள் திருமணத்தின் செல்லுபடியே கேள்விக்குள்ளாகலாம்.

இன்னொரு வகையினரும் உண்டு. குழந்தையில் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று, வேறு சபையில் வளர்ந்தவர்கள். தங்களைக் கத்தோலிக்கர் என்று அவர்கள் நினைப்பதே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர்களும் திருச்சபையின் திருமண முறைக்குக் கட்டுப்பட்டவர்களே. முறைப்படி திருச்சபையை விட்டு விலகியவருக்கு 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் ஒரு விலக்கு இருந்தது. திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2009-இல் பிறப்பித்த ஆணை அதை நீக்கிவிட்டது.

இரண்டாவது கேள்வி இன்னும் கடுமையானது. திருமுழுக்குப் பெறாத இருவர் தங்கள் வழக்கப்படி செய்துகொண்ட திருமணத்தையும் செல்லத்தக்கது என்றே திருச்சபை கருதுகிறது (சட்டம் 1060). அரசு நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்ற இந்துவோ இஸ்லாமியரோ கத்தோலிக்கரை மணக்க வந்தால், “அவருக்கும் திருச்சபைக்கும்தான் தொடர்பில்லையே” என்ற வாதம் எடுபடாது. முந்தைய பிணைப்பிலிருந்து ஆயரால் விலக்குத் தர முடியாது. திருச்சபையின் திருமணத் தீர்ப்பாயம் வழியாகவோ வேறு நடைமுறை வழியாகவோ அது தீர வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு இது வெளியே வருவதுதான் பங்கு அலுவலகங்களில் அடிக்கடி நேரும் பெரிய சிக்கல். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

அவரவர் சமயத்தில் இருந்தபடி, கோயிலில்

இந்த வழியில் மூன்று நிபந்தனைகள் (சட்டம் 1125). கத்தோலிக்கர் தம் விசுவாசத்தை இழக்கும் ஆபத்துகளை விலக்கத் தயார் என அறிக்கையிட்டு, பிறக்கும் பிள்ளைகள் எல்லாரும் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்று வளரத் தம்மால் இயன்றதையெல்லாம் செய்வதாக நேர்மையுடன் வாக்களிக்க வேண்டும். அந்த வாக்குறுதி மற்றவருக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்பட்டு, அவர் அதை உண்மையாகவே அறிந்திருக்க வேண்டும். திருமணத்தின் நோக்கங்களையும் அடிப்படைப் பண்புகளையும் இருவருக்கும் விளக்க வேண்டும். அவற்றில் எதையும் இருவரில் யாரும் ஒதுக்கிவைக்கக் கூடாது.

வாக்குறுதி கொடுப்பது கத்தோலிக்கர் மட்டும்தான். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு இருவரிடமும் அதைக் கேட்டது. திருத்தந்தை 6-ஆம் பவுல் 1970-இல் அதை மாற்றினார். இப்போது மற்றவர் பிள்ளைகளைப் பற்றி எந்த வாக்கும் தர வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் அவர் கையெழுத்திடும் இடம் இருந்தால் அது “எனக்குத் தெரிவிக்கப்பட்டது” என்பதற்கான ஒப்புதல். இதை யாரும் விளக்காததால் மறுதரப்புக் குடும்பம் “பிள்ளைகளை எழுதி வாங்குகிறார்கள்” என்று கொதிப்பதுண்டு.

“இயன்றதையெல்லாம்” என்பது வெறும் அலங்காரச் சொல் என்று நினைத்துவிட வேண்டாம். துணைவரின் மனச்சான்றையும் மண உறவையும் உடைத்தாவது நிறைவேற்று என்று திருச்சபை கேட்பதில்லை. உண்மையாக முயன்றும் பிள்ளைகள் கத்தோலிக்கராக வளரவில்லை என்றால் அந்தப் பெற்றோர் சட்டத் தண்டனைக்கு உள்ளாவதில்லை என்றும், பிள்ளைகளோடு தம் விசுவாசத்தைப் பகிரும் கடமை மட்டும் தொடர்கிறது என்றும் 1993-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ ஒன்றிப்பு வழிகாட்டி சொல்கிறது. ஆனால் “இப்போதைக்குக் கையெழுத்துப் போடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற மனநிலை அந்த முயற்சியில் சேராது. முதல் குழந்தை பிறந்ததும் வெடிக்கும் சண்டைக்கு விதை பெரும்பாலும் இந்தக் கையெழுத்து நாளில்தான் விழுகிறது. திருமுழுக்கு, பெயர், பள்ளி, மறைக்கல்வி, இரு சமயத் திருநாட்கள் ஆகியவற்றை வெளிப்படையாகப் பேசி முடித்த பிறகே கையெழுத்துக்குப் போக வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் திருமணத்தின் உயிர்நிலை. ஒருவனுக்கு ஒருத்தி, சாகும்வரை பிரியாமை, பிள்ளைப்பேற்றுக்குத் திறந்த மனம் ஆகியவற்றில் ஒன்றை மனத்தால் விலக்கிவைத்துக்கொண்டு சம்மதம் சொன்னால் அந்தச் சம்மதம் செல்லாது. தம் சமயம் மணமுறிவை அனுமதிக்கிறது என்று துணைவர் பொதுவாக நம்புவது மட்டும் திருமணத்தைக் கெடுத்துவிடாது. “எங்களுக்கு ஒத்துவராவிட்டால் பிரிந்துவிடுவேன்” என்று இந்தத் திருமணத்தையே அந்த அளவுகோலில் வைத்து முடிவெடுத்திருந்தால் கெடுக்கும். மணமக்களைத் தனித்தனியே உட்கார வைத்து விசாரிப்பது இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளத்தான். பங்குத்தந்தை துருவித் துருவிக் கேட்கிறார் என்று முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

நடைமுறை கத்தோலிக்கரின் பங்குத்தந்தையிடம் தொடங்குகிறது. ஆறு மாதம் முன்பே வரச் சொல்லும் மறைமாவட்டங்கள் பல. கத்தோலிக்கரின் திருமுழுக்குச் சான்றிதழ் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும்; கடந்த ஆறு மாதத்துக்குள் என்று கேட்பது வழக்கம். சிறுவயதில் எடுத்து அலமாரியில் வைத்திருக்கும் பழைய சான்றிதழ் உதவாது. காரணம், திருமணம் நடந்தால் அது திருமுழுக்குப் பதிவேட்டில் ஓரக்குறிப்பாக ஏறும். புதிய நகலில்தான் அந்த இடம் காலியாக இருப்பது தெரியும். திருமுழுக்குப் பெறாத துணைவருக்குப் பிறப்புச் சான்றிதழும், அவர் திருமணமாகாதவர் என்று அவரை நன்கு அறிந்தவர்களின் சாட்சியமும் கேட்கப்படும்.

மனுவில் காரணம் எழுதும் இடத்தை “காதல்” என்று ஒற்றைச் சொல்லால் நிரப்புவது போதாது. நியாயமான காரணம் இல்லாமல் ஆயர் தரும் விதிவிலக்கே செல்லாது (சட்டம் 90). நீண்ட நாள் உறவு, பதிவுத் திருமணத்துக்கு மட்டும் போய்விடும் ஆபத்து, கத்தோலிக்கரின் விசுவாசத்துக்குத் துணைவர் காட்டும் மதிப்பு என, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். கையெழுத்திடுவது ஆயரோ, அவர் சார்பில் செயல்படும் முதன்மைக் குருவோ. அந்தத் தாள் பங்கின் கைக்கு வரும்முன் நாள் குறித்து அழைப்பிதழ் அடிப்பது அவசரம்.

சடங்கைப் பொறுத்தவரை, திருமுழுக்குப் பெறாதவரோடு நடக்கும் திருமணத்துக்கெனத் தனி முறை திருமணச் சடங்கு நூலில் இருக்கிறது. அதில் திருப்பலி இல்லை. இடம் கோயிலாகவோ வேறு தகுந்த இடமாகவோ இருக்கலாம். மற்றச் சபையைச் சேர்ந்தவர் என்றால் வழக்கம் திருப்பலியின்றி. ஆயர் இசைந்தால் திருப்பலியோடும் நடத்தலாம். ஆனால் மணமக்களில் ஒருவரும் விருந்தினரில் பாதிப்பேரும் பொதுவாக நற்கருணை வாங்க இயலாது. திருப்பலியில்லாத முறையே இந்த இடத்தில் இதமானது என்பது எங்கள் எண்ணம்.

குடும்பத்து உறவான குரு ஒருவர் வந்து மந்திரிக்க வேண்டும் என்று ஆசைப்படும் வீடுகள் அதிகம். அந்தக் குருவுக்கு அந்தப் பங்கில் தாமாக அதிகாரம் இல்லை. பங்குத்தந்தையோ ஆயரோ அவருக்கு அதிகாரம் அளித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் எவ்வளவு மூத்த குருவானாலும் திருமணம் செல்லாமல் போகலாம். எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். சாட்சிகள் இருவரும் கத்தோலிக்கராக இருக்க வேண்டியதில்லை.

கோயில் திருமணத்துக்கு முன்போ பின்போ சம்மதத்தைத் தெரிவிக்கும் இன்னொரு சமயச் சடங்கு கூடாது. இரு சபைக் குருக்களும் ஒரே சடங்கில் தனித்தனியே சம்மதம் கேட்பதும் கூடாது (சட்டம் 1127). இரு வீட்டாரையும் சமாதானப்படுத்த “காலையில் இங்கே, மாலையில் அங்கே” என்று போடப்படும் திட்டம் இங்கேதான் முட்டிக்கொள்ளும். மறுசபைப் போதகர் வந்து செபிப்பதற்கும் ஆசி கூறுவதற்கும் தடையில்லை.

மதம் மாறி, பிறகு மணப்பது

துணைவர் இந்தக் காதலுக்கு முன்பே கிறிஸ்துவைத் தேடிக்கொண்டிருந்தவர் என்றால் இது இயல்பான வழி. திருமணத் தேதிக்காக மட்டும் என்றால் நான்கு வழிகளில் இதுவே அதிகம் ஏமாற்றம் தரக்கூடியது.

வயதுவந்தவர் திருமுழுக்குப் பெற அவரே விரும்ப வேண்டும். விசுவாச உண்மைகளில் போதுமான பயிற்சி பெற்று, கிறிஸ்தவ வாழ்வில் சோதித்தறியப்பட வேண்டும் (சட்டம் 865). 1972-இல் வெளியான வயதுவந்தோர் புகுமுகச் சடங்குமுறை இதைப் படிப்படியாக வகுத்திருக்கிறது. உச்சகட்டம் பாஸ்கா திருவிழிப்பு, அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடு. அன்றே திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும். ஆக இந்தப் பயணத்துக்கு மாதக் கணக்கில், பல இடங்களில் ஓராண்டுவரை ஆகும். மூன்று வார வகுப்பில் முடித்துக் கொடுங்கள் என்று கேட்பது பங்குத்தந்தையைத் தர்மசங்கடத்தில் தள்ளும். அப்படிப் பெற்றவர் திருமணத்துக்குப் பிறகு கோயில் பக்கம் வராததில் வியப்பில்லை. அவர் தம் பெற்றோரையும் இதற்காக இழந்திருப்பார்.

அவசரப்படத் தேவையில்லாததற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. திருமுழுக்குப் பெறாதவரோடு விதிவிலக்கு பெற்று நடந்த திருமணம் உண்மையான, செல்லத்தக்க திருமணம். ஆனால் அருளடையாளம் (இறையருளைத் தரும் திருச்சபைப் புனிதச் சடங்கு) அல்ல. பின்னொரு நாள், ஐந்தாண்டு கழித்தோ இருபதாண்டு கழித்தோ, துணைவர் தாமே விரும்பித் திருமுழுக்குப் பெற்றால் அந்தக் கணமே அவர்களுடைய திருமணம் அருளடையாளம் ஆகிவிடுகிறது. மறுபடி திருமணச் சடங்கு வேண்டாம், புதிய சம்மதம் வேண்டாம். ஆகவே “முதலில் ஞானஸ்நானம்” என்று நிர்ப்பந்திக்கும் பெற்றோர், தானாக வரக்கூடியதைக் கட்டாயத்தால் கெடுத்துக்கொள்கிறார்கள்.

புகுமுக நிலையில் சேர்ந்துவிட்டாலே தடை நீங்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நீங்காது. திருமுழுக்கு நடக்கும்வரை விதிவிலக்கு வேண்டும். ஏற்கெனவே செல்லத்தக்க திருமுழுக்குப் பெற்ற பிற சபையினருக்கு மீண்டும் திருமுழுக்குக் கொடுப்பதும் தவறு. அவரை முழு ஒன்றிப்பில் ஏற்றுக்கொள்ளும் சடங்கு தனியே இருக்கிறது.

இந்த வழி சட்ட அளவிலேயே முந்திக்கொள்ளும் ஒரு சூழல் உண்டு. துணைவர் முன்பு திருமுழுக்குப் பெறாத இன்னொருவரை மணந்து பிரிந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் உண்மையான விசுவாசத்தோடு திருமுழுக்குப் பெற, முந்தைய துணை திருமுழுக்குப் பெறவோ சமாதானமாகச் சேர்ந்து வாழவோ மறுத்தால், பவுலின் சலுகை (சட்டம் 1143) பொருந்தக்கூடும். முந்தைய துணையிடம் முறைப்படி கேட்டறிந்து, மறைமாவட்ட அளவிலேயே முடித்துவிடலாம். துணைவர் திருமுழுக்குப் பெறாமலே இருந்தால், விசுவாச நலனுக்காகப் பிணைப்பை நீக்கக் கோரி உரோமைக்கு மனு அனுப்ப வேண்டிவரும். நீண்ட காத்திருப்பு அது.

திருமண முறையிலிருந்து விலக்கு

துணைவரின் தந்தையே வேறொரு சபையின் போதகர். அல்லது கோயிலில் நடந்தால் பெற்றோர் வரவே மாட்டார்கள். இப்படிப்பட்ட நிலையில் குருவும் இரு சாட்சிகளும் என்ற முறையிலிருந்தே விலக்குக் கேட்கலாம். குடும்ப ஒற்றுமை, பெற்றோர் சம்மதம், போதகரோடு உள்ள இரத்த உறவு ஆகியவற்றை 1993-ஆம் ஆண்டு வழிகாட்டியே காரணங்களாகக் குறிப்பிடுகிறது. விலக்குத் தருபவர் கத்தோலிக்கரின் தலத் திருச்சபை ஆயர். திருமணம் வேறு மறைமாவட்டத்தில் என்றால் அங்குள்ள ஆயரையும் கலந்துகொள்வார். சம்மதம் ஏதேனும் ஒரு பொது முறையில் வெளிப்பட வேண்டும். வீட்டுக்குள் இருவர் மட்டும் மோதிரம் மாற்றிக்கொண்டால் செல்லாது. வாக்குறுதி உள்ளிட்ட மூன்று நிபந்தனைகளும் அப்படியே இருக்கும். துணைவர் திருமுழுக்குப் பெறாதவர் என்றால் இந்த விலக்கோடு தடைக்கான விதிவிலக்கும் சேர்ந்து வேண்டும். ஒன்று மட்டும் வாங்கிவிட்டு மற்றதை மறப்பது நடந்திருக்கிறது.

வேற்றுச் சமயச் சடங்கில் நடத்த இந்த விலக்குக் கிடைக்குமா என்பது ஆயர் பேரவை விதிகளையும் அந்தச் சடங்கின் உள்ளடக்கத்தையும் பொறுத்தது. வழிபாட்டில் பங்கேற்காமல் சம்மதத்தை வெளிப்படுத்த இயலாத சடங்கு என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். கத்தோலிக்கத் தரப்பு கீழைத் திருச்சபைகளில் (சீரோ-மலபார் போன்ற கீழை வழிபாட்டு முறைக் கத்தோலிக்கத் திருச்சபைகளில்) ஒன்றைச் சேர்ந்தவர் என்றால் இந்த விலக்கை ஆயர் தர முடியாது; உரோமையிலுள்ள திருப்பீடமோ, அந்தத் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தையோ தர வேண்டும். துணைவர் ஆர்த்தடாக்ஸ் என்றால், அவர்கள் கோயிலில் குருவின் ஆசியோடு நடக்கும் திருமணம் விலக்கு இல்லாவிட்டாலும் செல்லும். முறைப்படி நடக்க மட்டுமே விலக்கு தேவை.

முதலில் பதிவு, பிறகு சரிசெய்தல்

இதை ஒரு வழியாகத் திட்டமிடுவதையே நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எந்த விலக்கும் இல்லாமல் பதிவு அலுவலகத்தில் மட்டும் மணந்த கத்தோலிக்கரின் திருமணம் திருச்சபைச் சட்டப்படி செல்லாது. அந்த நிலையில் சேர்ந்து வாழும்வரை நற்கருணையும் பாவமன்னிப்பும் பெற இயலாது. அரசுச் சட்டத்துக்காகச் செய்யப்படும் பதிவு வேறு. கோயில் திருமணத்தோடு சேர்த்து அதைச் செய்வதில் குற்றமில்லை. ஆனால் ஏற்கெனவே இந்த நிலையில் இருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு இரண்டு மருந்துகள் உண்டு.

ஒன்று, புதிதாகச் சம்மதம் கொடுத்துத் திருச்சபை முறையில் மணப்பது. இரண்டாவது வழியின் எல்லாத் தாள்களும் இதற்கும் வேண்டும். இதை “ஆசீர்வாதம்” என்று அழைப்பதால் தவறு நேர்கிறது. பழைய திருமணத்துக்கு ஆசி வாங்குகிறோம் என்று மட்டும் நினைத்து நிற்பவர் புதிதாகச் சம்மதிக்கவில்லை. அங்கே செல்லுபடி கேள்விக்குறியாகும். முன்பு நடந்தது திருச்சபையில் செல்லாது, இன்றுதான் மணக்கிறோம் என்பது இருவருக்கும் தெளிவாக இருக்க வேண்டும்.

மற்றது வேர்முதல் செல்லுபடியாக்கல் (சட்டம் 1161). முதல் நாள் கொடுத்த சம்மதம் இன்னும் நிலைத்திருக்கிறது என்ற அடிப்படையில், தேவையான விலக்குகளையும் உள்ளடக்கி, ஆயர் ஓர் ஆணையால் அந்தத் திருமணத்தைத் தொடக்க நாள் முதலே செல்லும்படி ஆக்குகிறார். சடங்கு கிடையாது, மறுபடி சம்மதம் கேட்பதும் கிடையாது. “பத்து வருடமாக மனைவியாகத்தானே வாழ்கிறேன், மறுபடி எதற்குக் கல்யாணம்?” என்று கேட்கும் துணைவரிடம் வாதாடுவதைவிட இதற்கு விண்ணப்பிப்பதே மேல். கனமான காரணம் இருந்தால் ஒருவருக்குத் தெரியாமலேகூட அளிக்கலாம் (சட்டம் 1164). பிள்ளைகள் பற்றிய வாக்குறுதியைக் கத்தோலிக்கர் இங்கும் தர வேண்டும். சம்மதம் நிலைக்கவில்லை என்றாலோ, முந்தைய திருமணப் பிணைப்பு இன்னும் இருந்தாலோ இது கிடைக்காது. உறவு ஆட்டம் கண்டிருக்கும் நேரத்தில் இதைக் கேட்பதும் சரியல்ல.

இருவரும் மனமொத்துக் கோயிலில் நிற்கத் தயார் என்றால் முதல் மருந்தே நல்லது. உறவினர் முன்னிலையில், வாயால் சொல்லிய சம்மதத்துக்கு உள்ள தெளிவு ஆணைத் தாளுக்கு இல்லை. ஒருவர் மறுத்தால் இரண்டாவது.

எந்த வழியில் போனாலும், எல்லாம் முடிந்த சில வாரங்களில் கத்தோலிக்கர் தாம் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு எழுதி, பதிவேட்டில் ஓரக்குறிப்பு ஏறிவிட்டதா என்று கேட்க வேண்டும். திருமண முறை விலக்கிலும் வேர்முதல் செல்லுபடியாக்கலிலும் இது அதிகம் தவறிப்போகிறது. திருமணம் பங்கின் கண்முன் நடக்கவில்லை, ஆணை ஆயரகத்துக் கோப்போடு நின்றுவிடுகிறது. விலக்கின் நகல் ஒன்றைப் பங்கிலிருந்து வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால், குறிப்பு விடுபட்டிருந்தாலும் அதைக் காட்டி ஏற்றச் சொல்லலாம்.